மேக்னட்டா, பக்கத்துப் பள்ளியா? மான்ட்கமரி கவுண்டியின் ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் மான்ட்கமரி கவுண்டியில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளும் மிடில் ஸ்கூலில். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பல வீடுகளுக்கு ஒரு கடிதம் வரும்: உங்கள் பிள்ளை 'மேக்னட்' என்னும் சிறப்புப் பாடத் திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறாள், இந்தத் தேதிக்குள் பதில் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி வரை போன் போய்விடும். அதன் பிறகுதான் "காலையில் பஸ் எத்தனை மணிக்கு?" என்ற கேள்வியே எழும். வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கடிதம் வருமுன்பே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது; வந்த பிறகு யோசிக்கக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

இந்த முடிவில் பெரும்பாலானோர் இரண்டு பள்ளிகளின் பெயரை நிறுத்துப் பார்க்கிறார்கள். நிறுக்க வேண்டியது உங்கள் பிள்ளையின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை. இந்தப் பள்ளியில் அந்த நாள் எப்படிப் போகும், அந்தப் பள்ளியில் எப்படிப் போகும் என்று மணிக்கணக்காக எழுதிப் பார்க்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரண்டு தாள்களை நிரப்பத்தான்.

முதல் படி: எந்த மேக்னட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"மேக்னட்" என்ற சொல்லை இங்கே இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேதி தவறும்.

ஒன்று, தகுதி பார்த்துச் சேர்க்கும் திட்டம். இதற்கு நான்கு பள்ளிகள். கவுண்டியின் தென்பகுதிப் பிள்ளைகளுக்கு டக்கோமா பார்க் மிடில் ஸ்கூலில் கணிதம், அறிவியல், கம்ப்யூட்டர் சயின்ஸ். ஈஸ்டர்ன் மிடில் ஸ்கூலில் ஹியூமானிட்டீஸ், அதாவது எழுத்து, வரலாறு, ஊடகம். வடபகுதிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன்டவுனில் இருக்கும் ராபர்ட்டோ கிளமென்டே பள்ளியில் கணிதம்-அறிவியல், மார்ட்டின் லூதர் கிங் பள்ளியில் ஹியூமானிட்டீஸ். வடக்கா தெற்கா என்பதை உங்கள் வீட்டு முகவரி முடிவு செய்யும். "டக்கோமா பார்க்தான் பழசு, பேர் போனது, அங்கேதான் வேண்டும்" என்று வடக்கே கிளார்க்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு கேட்க முடியாது.

இன்னொன்று, ஆர்கைல், லாய்டர்மன், பார்க்லண்ட் என்ற மூன்று பள்ளிகளின் கூட்டமைப்பு. ஆர்கைலில் தகவல் தொழில்நுட்பம், லாய்டர்மனில் கலை, பார்க்லண்டில் விண்வெளியும் ரோபாட்டிக்ஸும். இங்கே பள்ளி முழுவதுமே மேக்னட். மதிப்பெண் தகுதி கிடையாது. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் மூன்றையும் விருப்ப வரிசையில் எழுதித் தருவார்கள். வெளியே இருப்பவர்கள் விண்ணப்பித்தால் குலுக்கல். நாடகம், நடனம் என்று உயிரை விடும் பிள்ளை வீட்டில் இருந்தும், தகுதி மேக்னட்டில் மட்டுமே கண் வைத்துக்கொண்டு லாய்டர்மன் விண்ணப்பத் தேதியைத் தவறவிடுபவர்கள் உண்டு. இந்த விண்ணப்பம் இலையுதிர்காலத்திலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது வழி உங்கள் முகவரிக்கு உரிய பள்ளி. இங்கே அதை "ஹோம் ஸ்கூல்" என்பார்கள். வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஊரில் இருக்கும் உறவினரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருக்கும். எது உங்கள் ஹோம் ஸ்கூல் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்காமல், பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். சில தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் இரண்டு மிடில் ஸ்கூல்களாகப் பிரிந்து போவார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு.

அந்தப் பள்ளி ஏன் அங்கே இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் நட்சத்திரக் குறியைப் பார்த்துக் குழம்ப மாட்டீர்கள். அமெரிக்காவில் மேக்னட் பள்ளிகள் 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் இனப் பிரிவினையைக் குறைக்க வந்தவை. பிள்ளைகளைக் கட்டாயமாகப் பஸ்ஸில் ஏற்றி வேறு வட்டாரத்துக்கு அனுப்புவதற்குப் பதில், நல்ல பாடத்திட்டத்தை ஒரு பள்ளியில் வைத்தால் பெற்றோர் தாங்களே அனுப்புவார்கள் என்பது எண்ணம். காந்தம் போல இழுப்பதால் மேக்னட். மான்ட்கமரியில் தகுதி மேக்னட் பள்ளிகள் அதே சமயம் தம் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு ஹோம் ஸ்கூலாகவும் இருக்கின்றன. ஒரே கட்டடம், ஒரே சாப்பாட்டு அறை, ஆனால் சில வகுப்புகள் தனித்தனி.

அதனால் மேரிலாந்து மாநிலம் ஒரு பள்ளிக்குத் தரும் ஐந்து நட்சத்திர மதிப்பீடு அந்த முழுக் கட்டடத்துக்கானது. அந்தத் திட்டத்தின் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. வீடு விற்கும் இணையதளங்களின் பத்துக்கு இத்தனை என்ற எண்ணும் அப்படியே. "நம்ம ஸ்கூல் ஒன்பது, அது ஆறு, எதுக்கு அங்கே?" என்ற வாதமும் தவறு, "மேக்னட் என்றால் பள்ளி முழுவதும் கெட்டிக்காரப் பிள்ளைகள்" என்ற நினைப்பும் தவறு.

இரண்டாம் படி: தேர்வு எப்படி நடக்கிறது

தகுதி மேக்னட்டுக்குப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் மாவட்டமே பரிசீலிக்கிறது. பார்ப்பது ரிப்போர்ட் கார்டு மதிப்பெண், வாசிப்பு நிலை, 'மேப்' தேர்வு. இந்த மேப் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும். சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். கணிதத் திட்டத்துக்குக் கணித மேப்பும் ஹியூமானிட்டீஸுக்கு வாசிப்பு மேப்பும் கணக்கில் வரும்.

இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

மேப் மதிப்பெண்ணை நாடு முழுவதற்குமான வரிசையில் வைத்து மட்டும் பார்ப்பதில்லை. இதேபோன்ற வருமானச் சூழல் உள்ள பள்ளிகளின் பிள்ளைகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். இலவச, சலுகை விலை மதிய உணவு பெறுவோர் எத்தனை சதவீதம் என்பதை வைத்துத் தொடக்கப் பள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே ஒரே மதிப்பெண் ஒரு பள்ளியில் தகுதிக்கோட்டைத் தாண்டும், வசதியானவர்கள் அதிகம் வாழும் பொட்டோமாக் பக்கம் தாண்டாது. இந்த முறை ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று 2020-ல் ஒரு பெற்றோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2022-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சரியா தவறா என்ற விவாதம் நம் கூடங்களில் இன்னும் ஓடுகிறது. அது உங்கள் பிள்ளையின் கடிதத்தை மாற்றப்போவதில்லை.

அடுத்தது குலுக்கல். கொரோனாக் காலத்தில் வந்த ஏற்பாடு இது. தகுதிக்கோட்டைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே குடத்தில் விழுகிறார்கள். அதிலிருந்து பெயர் எடுக்கிறார்கள். கோட்டைத் தாண்டிய பிறகு இன்னும் பத்து மதிப்பெண் கூடுதலாக எடுத்தால் வாய்ப்பு கூடாது. இதைத் தெரியாமல் நாலாம் வகுப்பிலிருந்தே சனிக்கிழமை தோறும் கோச்சிங்கில் விட்டு, 98-வது சதமானத்தை 99 ஆக்கப் பணம் கட்டுபவர்கள் அதிகம். அந்தப் பணத்தை நீச்சலுக்குக் கட்டலாம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கிடைக்கவில்லை என்றால் பிள்ளை தோற்றுவிட்டாள் என்று பொருளில்லை. "தகுதி உண்டு, குலுக்கலில் வரவில்லை" என்ற வாசகமும் "தகுதி இல்லை" என்ற வாசகமும் வேறு வேறு. கடிதத்தில் எது என்று பார்த்து, பிள்ளையிடமும் அதே சொற்களில் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் குலுக்கல் புரியும். "உனக்குக் கிடைக்கல" என்று மொட்டையாகச் சொன்னால் வேறு மாதிரிப் புரியும்.

ஒவ்வொரு ஆண்டும் தேதியும் சிறு விதிகளும் மாறுகின்றன. போன வருஷம் அக்கா மகனுக்கு நடந்ததை வைத்து எதையும் தீர்மானிக்காமல், இந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள். பள்ளி மாவட்டம் பெற்றோருக்குத் தரும் இணையக் கணக்கான பேரன்ட்வியூவில் மின்னஞ்சல், முகவரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று குளிர்கால விடுமுறைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஹோம் ஸ்கூலில் என்ன இருக்கிறது என்று துருவுங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மேக்னட்டைப் பற்றி எல்லாம் விசாரிப்பார்கள். பக்கத்துப் பள்ளியைப் பற்றி "அது சாதாரண ஸ்கூல்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்த மாவட்டம் மேக்னட் பாடத்தின் ஒரு பகுதியை உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்திருக்கிறது. கணிதத்தில் 'எய்ம்' என்ற வகுப்பு, சமூக அறிவியலில் 'ஹை' என்ற வகுப்பு. தகுதி இருந்தும் குலுக்கலில் வராத பிள்ளைகளை இவற்றில்தான் சேர்க்கப் பரிந்துரைப்பார்கள்.

கணிதத்தில் இதன் பொருள் என்ன? ஆறாம் வகுப்பில் எய்ம், ஏழில் அல்ஜிப்ரா ஒன்று, எட்டில் ஜியோமெட்ரி என்று போகும் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் அல்ஜிப்ரா இரண்டுக்கு வந்துவிடுவாள். மேக்னட் பிள்ளையும் பாடப் பட்டியலில் ஏறக்குறைய இதே படியில் இருக்கலாம். வித்தியாசம் வேகத்தில் அதிகம் இல்லை, ஆழத்தில்: நிரூபணம், திறந்த கேள்விகள், அறிவியலோடும் புரோகிராமிங்கோடும் கணிதத்தைச் சேர்க்கும் பிராஜெக்ட்கள். "மேக்னட் போகாவிட்டால் கணிதத்தில் பின்தங்கிவிடுவாள்" என்ற பயத்துக்கு, எய்ம் ஒழுங்காக நடக்கும் பள்ளியில், அடிப்படை குறைவு. மேரிலாந்துக் கல்வி வாரியம் 2025-ல் புதிய கணிதக் கொள்கை கொண்டுவந்து, அல்ஜிப்ராவும் ஜியோமெட்ரியும் தனித்தனியாக இல்லாமல் சேர்ந்து வரும் பாடமாக மாற்ற ஏற்பாடு செய்திருப்பதால், பாடப் பெயர்கள் கொஞ்ச காலத்தில் மாறும். பள்ளியின் கவுன்சிலரிடம், அதாவது மாணவர் ஆலோசகரிடம், பேசும்போது பெயரைப் பிடித்துக்கொள்ளாமல், "எட்டாம் வகுப்பு முடியும்போது என் பிள்ளை எந்தக் கணிதம் வரை முடித்திருப்பாள்?" என்று கேளுங்கள்.

"ஒழுங்காக நடக்கும்" என்று மேலே சொன்னதைத்தான் சோதிக்க வேண்டும். கவுன்சிலருக்கு மின்னஞ்சல் எழுதி, பதினைந்து நிமிடம் போனில் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் எய்ம் எத்தனை செக்‌ஷன் ஓடுகிறது? ஒரு செக்‌ஷனில் எத்தனை பிள்ளைகள்? பரிந்துரை பெற்றவர்கள் மட்டும் இருக்கிறார்களா, விரும்பியவர்கள் எல்லோருமா? எட்டில் ஜியோமெட்ரி அந்தப் பள்ளியிலேயே நடக்கிறதா? ஹை வகுப்பு தனியாக இருக்கிறதா, எல்லோரும் அதே வகுப்பில்தானா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். அட்டவணையில் பெயர் மட்டும் இருந்து, உள்ளே சாதாரணப் பாடமே நடக்கும் இடங்கள் இருக்கலாம். எய்ம் ஒரே ஒரு செக்‌ஷன் என்றால், அது பேண்ட் இசை வகுப்போடு மோதும் அபாயமும் உண்டு.

மேக்னட் கிடைத்த பிள்ளைக்கும் இந்த விசாரணை வேண்டும். ஒப்பிட எதிரே ஒன்று இருந்தால்தானே தராசு நிற்கும்.

நான்காம் படி: அட்டவணையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஹோம் ஸ்கூல், வலப்பக்கம் மேக்னட். நாளுக்கு ஏழு பீரியட் என்று வைத்துக்கொள்வோம்; உண்மையான எண்ணை அந்தந்தப் பள்ளியின் பாடக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வி: ஐந்து போயிற்று. மீதி இரண்டு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். ஹோம் ஸ்கூலில் அந்த இரண்டில் ஒன்று ஆர்கெஸ்ட்ரா, ஒன்று ஸ்பானிஷ் என்று வைக்கலாம். கணித மேக்னட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டாயம். அது ஒரு எலெக்டிவைத் தின்றுவிடும். மிச்சம் ஒன்று. நாலாம் வகுப்பிலிருந்து செல்லோ வாசிக்கிற பிள்ளை ஆர்கெஸ்ட்ராவை எடுத்தால் ஸ்பானிஷ் இல்லை. ஸ்பானிஷை எடுத்தால் செல்லோ வீட்டு மூலைக்குப் போகும். ஹியூமானிட்டீஸ் திட்டத்தில் ஊடக வகுப்பு இதே வேலையைச் செய்யும்.

மிடில் ஸ்கூலில் எடுக்கும் உலக மொழிக்கும், அல்ஜிப்ரா, ஜியோமெட்ரிக்கும் இங்கே உயர்நிலைப் பள்ளி கிரெடிட் உண்டு என்பதால் இது சின்ன விஷயமல்ல. அதே சமயம், மொழியை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினாலும் குடி மூழ்கிவிடாது. வாத்தியத்தை மூன்று வருடம் விட்டவர்கள் திரும்ப எடுப்பது அபூர்வம். இரண்டில் ஒன்று என்றால், பிள்ளைக்கு ஆசை இருக்கும் பட்சத்தில், வாத்தியத்தைக் காப்பாற்றுவதே மேல்.

ஐந்தாம் படி: பஸ்

இதற்கு ஒரு முழுப் படி தேவை. மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பிள்ளைகள் மேக்னட்டை விட்டு வருவதற்கும், விடாமலே சோர்ந்து போவதற்கும் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

ஹோம் ஸ்கூலுக்கு ஒன்றரை மைலுக்குள் வீடு இருந்தால் மிடில் ஸ்கூல் பிள்ளைக்குப் பஸ் கிடையாது, நடைதான். அதைத் தாண்டினால் தெருமுனையில் மஞ்சள் பஸ் வரும். மேக்னட் பஸ் தெருமுனைக்கு வராது. பொதுவான ஓர் இடம், பெரும்பாலும் வேறொரு பள்ளியின் வாசல், அதற்கு ஸ்டாப். அங்கே வரை நீங்கள்தான் காரில் கொண்டுபோய் விட வேண்டும். மாலையில் போய் அழைத்துவர வேண்டும். வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், அதிலும் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும் என்றால், "பஸ் இருக்கிறது" என்ற வார்த்தையில் ஒளிந்திருக்கும் வேலை இதுதான்.

மிடில் ஸ்கூல் மணி காலை 8:15, விடுவது மாலை 3:00. ஒரு மாதிரிக் கணக்கு: ஹோம் ஸ்கூலுக்குப் பஸ்ஸில் 15 நிமிடம், மேக்னட்டுக்கு ஸ்டாப் வரை காரில் 10, காத்திருக்க 5, பஸ்ஸில் 40, ஆக 55. ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல், போக வர 80. பள்ளி ஆண்டுக்கு 180 நாள். 240 மணி நேரம். மூன்று ஆண்டுக்கு 720. அந்த நேரம் தூக்கத்திலிருந்தோ, வாசிப்பிலிருந்தோ, வெட்டியாகத் திரிவதிலிருந்தோதான் வர வேண்டும். பதினொரு வயதில் வெட்டியாகத் திரிவதும் தேவை.

ஜெர்மன்டவுனிலிருந்தோ கிளார்க்ஸ்பர்க்கிலிருந்தோ கிளமென்டேக்குப் போகிறவர்களுக்கு இந்த எண் சிறியது. பலருக்கு முடிவு சுலபமாவது இதனால்தான். ஓல்னி, பர்டன்ஸ்வில், ராக்வில் பக்கமிருந்து டக்கோமா பார்க்குக்கோ ஈஸ்டர்னுக்கோ என்றால் கணக்கு வேறு. காலையில் 29-ம் நெடுஞ்சாலையும், வாஷிங்டனைச் சுற்றிப் போகும் பெல்ட்வே சாலையும் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரு வேலைநாளில், பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து, காலை ஏழு மணிக்கு அந்தப் பாதையில் நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தால் பயனில்லை. அதில் கிடைத்த நேரத்தோடு பஸ் நிறுத்தங்களுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குப் பிறகு நடக்கும் கிளப், பயிற்சி, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் நேரம் ஆகியவற்றுக்குத் தனி ஆக்டிவிட்டி பஸ் சில நாள் ஓடும். மேக்னட் பிள்ளைகளுக்கு அது எங்கே வரை வரும் என்று கேளுங்கள். வராது என்றால், மேக்னட்டின் நல்ல அம்சங்களில் ஒன்றான கணிதப் போட்டிக் குழு, ரோபாட்டிக்ஸ் எல்லாம் உங்கள் கார் இருக்கும் நாளில் மட்டும்தான். பிறகு மாலை ஆறு மணிப் பாட்டு வகுப்பையும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வீட்டுப்பாடத்தையும் அதே தாளில் எழுதுங்கள். எழுத இடமில்லாமல் போனால், எதை விடப் போகிறோம் என்று இப்போதே வீட்டில் பேசிவிட வேண்டும்.

ஆறாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

இரண்டு பள்ளிகளுக்கும் போங்கள். மேக்னட்டின் அறிமுகக் கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து பிராஜெக்ட் காட்டுவார்கள், அசத்தலாக இருக்கும். அசந்து நிற்காமல், அவர்களில் ஒருவரைத் தனியே பிடித்து நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள். ஆசிரியரைவிடச் சரியான பதில் அங்கே கிடைக்கும். சாப்பாட்டு மேசையில் மேக்னட் பிள்ளைகளும் மற்றவர்களும் கலந்து உட்காருகிறார்களா என்றும் கேளுங்கள்.

ஹோம் ஸ்கூலில் கேட்க வேண்டியது வேறு. கணித ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? போன ஆண்டு பாதியில் யாராவது விட்டுப் போனார்களா? ஆசிரியர் நிலையாக இல்லாத பள்ளியில் எய்ம் என்ற பெயர் எதையும் காப்பாற்றாது.

ஏழாம் படி: எந்தப் பிள்ளை?

ஒரே வீட்டில் அக்காவுக்குப் பொருந்தியது தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகத்தான் பரிசீலிக்கிறார்கள். அக்கா படித்தாள் என்று தம்பிக்கு இடம் வராது. ஆகவே இரண்டு பள்ளி, இரண்டு ஸ்டாப் என்ற நிலையையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மேக்னட் நன்றாகப் பொருந்துவது, வகுப்பில் சொல்லாததையும் தானே தேடிப் படிக்கிற, விடை தெரியாத கேள்வியோடு இரண்டு நாள் உட்காரத் தயங்காத பிள்ளைக்கு. இன்னொரு வகையும் உண்டு: இப்போதைய வகுப்பில் தன்னைப் போல ஆர்வமுள்ள ஒருவர்கூட இல்லாமல் தனித்திருக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு மேக்னட்டில் கிடைக்கும் முதல் லாபம் பாடமே இல்லை, கூட்டாளிகள். இதற்காக ஒரு மணி நேரப் பஸ்ஸையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் நிறைய எடுத்தும் பொருந்தாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏ எடுப்பதே தன் அடையாளம் என்று இருக்கும் பிள்ளை முதல் காலாண்டில் பி வாங்கியதும் நொறுங்கிப் போவதுண்டு. மெதுவாக, ஆனால் சுத்தமாக வேலை செய்யும் பிள்ளைக்கு நாலு நீண்டகால பிராஜெக்ட் ஒரே வாரத்தில் முடிவு கேட்டால் இரவு பதினொன்றாகும். கவனச் சிதறல் இருக்கும் பிள்ளைக்கு 504 ஏற்பாடு (பள்ளி எழுத்தில் தரும் சலுகைத் திட்டம்) இருந்தால் அது மேக்னட்டிலும் செல்லும். ஆனால் அதை அங்கே எப்படிச் செயல்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

"மேக்னட் போனால் பெரிய காலேஜ்" என்ற கணக்குக்கு ஒரு தகவல். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத்தேர்வுப் பள்ளிகளை வைத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பாதக் ஆகிய மூவர் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெட்டுமதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும், மயிரிழையில் தவறி வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பள்ளிகளும் இந்தத் திட்டமும் ஒன்றல்ல. இருந்தாலும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பள்ளியில் கூடியிருப்பதைப் பார்த்து அந்தப் பள்ளிதான் அவர்களை அப்படி ஆக்கியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

அதேபோல, மிடில் ஸ்கூல் மேக்னட் என்பது மான்ட்கமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியின் மேக்னட்டுக்கு டிக்கெட் அல்ல. 1985-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கும், வடக்கே பூல்ஸ்வில் உயர்நிலைப் பள்ளியில் இருப்பதற்கும், எட்டாம் வகுப்பில் புதிதாகத் தேர்வு நடக்கும். ஹோம் ஸ்கூலிலிருந்தும் போகலாம். மேக்னட்டிலிருந்து போகாமலும் இருக்கலாம். போகாத பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குத் தன் முகவரிக்கு உரிய உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்புவாள். அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று வருடமாக ஒன்றாக இருந்தவர்கள். போதாததற்கு, உயர்நிலைச் சிறப்புத் திட்டங்களை 2027-28 முதல் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கும் திட்டம் 2025-ல் முன்வைக்கப்பட்டது. பிளேரை மனத்தில் வைத்து ஆறாம் வகுப்பைத் தீர்மானிப்பது, அஸ்திவாரம் நகரும் இடத்தில் வீடு கட்டுவது போலத்தான்.

எட்டாம் படி: பதில் அனுப்புதல், காத்திருப்பு, மேல்முறையீடு

பதில் சொல்ல வேண்டிய தேதியைக் காலண்டரில் இரண்டு நாள் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். வேண்டாம் என்று முடிவு செய்தால் உடனே சொல்லிவிடுங்கள். காத்திருப்போர் குழுவில் இருக்கும் வேறொரு பிள்ளைக்கு அது போகும். "இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிட்டு ஆகஸ்டில் பார்ப்போம்" என்று வைத்திருப்பவர்களால்தான் பள்ளி திறக்கும் வாரத்தில் பல வீடுகளில் தலைகீழ்க் குழப்பம்.

நீங்களே அந்தக் குழுவில் இருந்தால், ஹோம் ஸ்கூல் பாடப் பதிவை முழு மனதோடு செய்யுங்கள். எய்மும் ஹையும் கேட்டு வாங்குங்கள். கோடையில் அழைப்பு வந்தால் முடிவெடுக்க ஓரிரு நாள்தான் கிடைக்கலாம். வருமா வராதா என்று காத்திருப்பதைவிட, வந்தால் என்ன சொல்வோம் என்பதை இப்போதே வீட்டில் பேசி வைத்துவிடுவது உத்தமம்.

மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. மதிப்பெண் தவறாகப் பதிவாகியிருந்தால், தேர்வு நாளில் பிள்ளை காய்ச்சலோடு எழுதியிருந்தால், ஆதாரத்தோடு அனுப்புங்கள். "என் பிள்ளை மிகவும் கெட்டிக்காரி" என்று நாலு பக்கம் எழுதுவதால் குலுக்கல் முடிவு மாறாது.

சேர்ந்த பிறகு: முதல் ஒன்பது வாரம்

ஆறாம் வகுப்பின் முதல் மாதம் எந்தப் பள்ளியிலும் தடுமாற்றம்தான்: லாக்கர் பூட்டு திறக்காது, வகுப்பறை தெரியாது, வீட்டுப்பாடம் வரும் கேன்வாஸ் இணையதளத்தில் எந்த வேலை எங்கே என்று புரியாது. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

காலாண்டு முடியும் வேளையில் மூன்றை மட்டும் பாருங்கள். வாரத்தில் எத்தனை இரவு பத்து மணியைத் தாண்டுகிறது? காலையில் பஸ்ஸுக்கு எழுப்பும்போது வயிற்று வலி, தலைவலி என்று திரும்பத் திரும்ப வருகிறதா? ஒரு நண்பரின் பெயராவது வீட்டில் அடிபடுகிறதா? முதல் கேள்விக்கு இரண்டு என்றால் பழகிவிடும். நாலு என்றால், பிராஜெக்டைத் துண்டு துண்டாகப் பிரித்து நாள் குறிக்கக் கற்றுக்கொடுங்கள், கவுன்சிலரிடம் பேசுங்கள், வெளி வகுப்புகளில் ஒன்றை நிறுத்துங்கள். இதையெல்லாம் செய்தும் ஜனவரி வரை மாறவில்லை என்றால் ஹோம் ஸ்கூலுக்குத் திரும்பலாம். திரும்பினால் மேக்னட் இடம் போய்விடும் என்பதால் ஆத்திரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் முடிவெடுக்க வேண்டாம். கூடுமானவரை ஆண்டு முடிவில் மாற்றுங்கள். நடுவில் மாறினால், எய்ம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று ஹோம் ஸ்கூலில் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

ஹோம் ஸ்கூலில் சேர்ந்த பிள்ளைக்கும் இதே ஒன்பது வாரக் கணக்கு உண்டு. பார்க்க வேண்டியது மட்டும் எதிர்ப்பக்கம். வீட்டுப்பாடம் பத்து நிமிடத்தில் முடிகிறதா? வகுப்பில் புதிதாக என்ன படித்தாய் என்றால் "ஒண்ணுமில்ல" என்ற பதில் தினமும் வருகிறதா? அப்படியானால் நவம்பர் ஆசிரியர் சந்திப்புக்குக் காத்திருக்காமல் கணித ஆசிரியருக்கு எழுதுங்கள். பஸ்ஸில் போகாததால் மிஞ்சிய அந்த 80 நிமிடம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நூலகம், கணிதப் போட்டிக் குழு, செல்லோ என்று எதற்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.